'வயிற்றுவலி' என்று முடிக்கப்படும் செய்திகள்

பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களில் வேலை செய்யும் நாங்கள், ஒரு தற்கொலைச் செய்தி பரவும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நாளிதழ் வருவதற்கு முன்பே படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கைகளிலும் சுற்றுகிறது. மறுநாள் நாளிதழில் அதே தேய்ந்த வரி: 'வயிற்றுவலி தாங்காமல் விபரீத முடிவு'. எப்படி இறந்தார் என்று விலாவாரியாக எழுதுவார்கள். எப்படி வாழ்ந்தார் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

இந்த ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அந்த உரிமை பரம்பரையாகப் பட்டினவர்களிடம் இருக்கிறது. தலித் மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். வருமானமில்லாத நாட்கள், கடன், அவமானம் எல்லாம் 'வயிற்றுவலி'க்குள் அடங்கிவிடுமா?

இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி, தற்கொலைச் செய்திகளுக்கு நெறிமுறைகளை ஏற்றது. முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்பு வைக்காதே, படம் போடாதே என்கிறது அது. 'இது சாதியைப் பேசவிடாமல் நம் வாயை அடைக்கும் விதியா?' என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. மறைக்கச் சொல்வது இறந்த முறையை, அநீதியை அல்ல. ஒற்றைக் காரணத்தில் சுருக்காதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 'வயிற்றுவலி', 'தேர்வு பயம்' என்று கதையை முடிப்பவர்களுக்கும் பொருந்தும்.

குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது அவர் நடத்திய வழக்கை. மரணத்தைத் 'தியாகம்' என்று சுவரொட்டியில் எழுதினால், அதே நெருக்கடியில் இருக்கும் இன்னொரு பிள்ளை 'செத்தால்தான் கேட்பார்கள்' என்று அதைப் படிக்கும்.

எழுதும் முறை மாறினால் உயிர் பிழைக்குமா? வியன்னாவில் சுரங்க ரயில் நிலையத் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987இல் நெறிமுறைகள் வந்து எழுத்து அடங்கியதும், அந்த மரணங்கள் கணிசமாகக் குறைந்தன.

ஆகவே தோழர்களே, படத்தைப் பகிராதீர்கள். கடிதத்தைப் பகிராதீர்கள். பொறுப்பானவர்களைக் கேள்வி கேளுங்கள். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதையை எழுதுங்கள். மனம் தளர்ந்து நிற்பவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். உதவி எண்களை ஒவ்வொரு பதிவிலும் போடுங்கள்: டெலி மனஸ் 14416, தமிழ்நாடு அரசு 104, சினேகா 044-24640050.

நமக்கு வேண்டியது உயிரோடு இருக்கும் போராளிகள்.

ஜெய் பீம்.