குரங்குக்கு ஒரு குடை

எனது தாயார் 32 வருடங்கள் கொழுந்து பறித்தவர். மலையில் ஒரு நாளாவது அவர் குடை பிடித்து நான் கண்டதில்லை. கூடைக் கயிறு தலையில் இருக்கும். இரண்டு கைகளும் செடியில் இருக்கும். பிறகு குடையை எந்தக் கையால் பிடிப்பது? கம்பளியைத் தலையில் போட்டுக்கொள்வார். பிற்காலத்தில் கம்பளி போய்ப் பொலித்தீன் வந்தது. இரத்தினபுரி மாவட்டத்து மழை எப்படிப்பட்டது என்பது இங்கு வந்து நனைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்தபோது, குடைப் படம் போட்ட புத்தகத்தையே முதலில் எடுத்தேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எனது வேலை. புத்தகம் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச நன்றாக வரும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். சிபில் வெத்தசிங்க என்ற அம்மையார் எழுதி, படங்களையும் தாமே வரைந்த 'குட ஹொரா', அதாவது 'குடைக் கள்ளன்'.

குடையையே அறியாத ஒரு கிராமம். மழை வந்தால் வாழை இலையையும் சாக்கையும் தலைக்குப் பிடிப்பார்கள். அந்த ஊர் மாமா ஒருவர் பட்டணத்தில் ஒரு குடை வாங்கி வருகிறார். வழியில் கடையில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் குடையைக் காணவில்லை. மறுபடியும் வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே போனால், காட்டு மரத்தில் குடைகளெல்லாம் தொங்குகின்றன. எடுத்தது ஒரு குரங்கு! மாமா ஒரு குடையை மட்டும் குரங்குக்கு விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டுவந்து ஊரில் குடைக்கடை போடுகிறார்.

இவ்வளவுதான் கதை. இது புத்தகமாக வந்தது 1956ஆம் ஆண்டில். பல மொழிகளுக்குப் போய், 1980களில் ஜப்பானில் பரிசும் பெற்றது. அம்மையார் 1927இல் காலிக்குப் பக்கத்திலுள்ள கிங்தொட்டையில் பிறந்தவர். ஓவியப் பள்ளிக்குப் போய்ப் பயின்றவர் அல்லர். 15 வயதிலேயே ஒரு பாடப் புத்தகத்துக்குப் படம் வரைந்தார். பெண்கள் பத்திரிகைக் காரியாலயங்களில் அரிதாக இருந்த 1948இல் 'லங்காதீப'வில் வேலைக்குச் சேர்ந்தார். 200க்கும் மேற்பட்ட புத்தகங்கள் செய்தார். அவர் வரைந்ததெல்லாம் சிறுவயதில் கண்ட கிராமத்து மனிதர்களையும் முற்றங்களையும் அடுப்படிகளையும்தான்.

இதை வாசித்தபோது எனக்குப் பழைய கோபம் ஒன்று வந்தது. எட்டாம் வகுப்பில் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எங்கள் லயத்தை வரைந்திருந்தேன். பீலிக்கரை, வரிசையாகக் குடங்கள், வாசலில் வெற்றிலை இடிக்கும் அம்மாயி. ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளைக் கிழித்து, "லயத்தில என்ன இருக்குன்னு வரையிற?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அடுத்த வருடம் படிப்பு நின்றது. கொழுந்துக் கூடை ஏறியது. பென்சிலை மறந்தேன்.

சகோதரிகளே, உங்களில் சிலருக்கு என் பெரியம்மா மகளின் கதை புதிதாக இராது. 1977 ஆவணியில் இந்தப் பகுதித் தோட்டங்களில் எமது மக்கள் தாக்கப்பட்டபோது, பெரியம்மா குடும்பம் உடுத்த துணியோடு வவுனியாவுக்குப் போனது. பிறகு கிளிநொச்சி. அக்கா அங்கேயே மணம் முடித்தார். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்துவிட்டு மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். இன்று பேத்தியோடு கிளிநொச்சியில் தையல் தைத்துச் சீவிக்கிறார்.

தொலைபேசியில் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆசையோடு சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க புத்தகத்தையா நம்ம புள்ளைகளுக்குப் படிச்சிக் காட்டுற?" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கிழவியம்மா யாரையும் அடிக்க வரவில்லை என்று சொல்லலாம். அது அக்காவுக்கும் தெரியும். அவர் கேட்டது அதுவல்ல. அந்தப் புத்தகத்தில் லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, நம்மைப் போல ஒரு முகம் இல்லை. ஆனால் அதற்காக அம்மையார்மேல் குறைப்படவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் தமது முற்றத்தை வரைந்தார். நமது பீலிக்கரையை வரைய வேண்டியவர் கிங்தொட்டையில் பிறந்திருக்க மாட்டாரே.

இன்னொரு நாள் அக்காவுக்கு வேறொரு பெண்ணின் கதையைச் சொன்னேன். முன்பள்ளிப் பயிற்சி வகுப்பில் கேட்டது. அமெரிக்காவின் ஹார்லெம் நகர்ப்பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பெண், பெயர் பெய்த் ரிங்கோல்ட். அவருடைய மூதாதையரில் அடிமையாக இருந்து எஜமானர் வீட்டுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்த பெண்ணும் உண்டு. தாயார் உடுப்புத் தைப்பவர். தாயும் மகளுமாக 1980இல் ஒரு போர்வை தைத்தார்கள். பிறகு போர்வையிலேயே படம் வரைந்து, ஓரத்தில் கதையும் எழுதத் தொடங்கினார் மகள். அப்படி ஒரு போர்வையிலிருந்து வந்ததுதான் 'டார் பீச்' என்ற சிறுவர் புத்தகம். வெளிவந்தது 1991இல், அவருக்கு அப்போது 60 வயது. கறுப்பர் என்பதால் தொழிற்சங்கத்தில் சேர முடியாத ஒரு தகப்பன், மாடியிலிருந்து பறந்துபோய் அவர் கட்டிய பாலத்தையே தனதாக்கிக்கொள்ளும் எட்டு வயது மகள். பெரிய விருதுகள் கிடைத்தன. அந்தப் போர்வை இன்று நியூயோர்க்கில் குகன்ஹைம் நூதனசாலையில் இருக்கிறது. 2024இல் 93 வயதில் காலமானார்.

"அறுபது வயசிலயா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. அவருக்கு 58.

வெத்தசிங்க அம்மையாரும் கடைசிவரை ஓயவில்லை. ஒரு கதையை எழுதி, முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். நாடெங்குமிருந்து பிள்ளைகள் எழுதி அனுப்பியதில் 1250 முடிவுகள் அந்தப் புத்தகத்தில் சேர்ந்தன. அதற்கு 2020இல் கின்னஸ் சாதனை கிடைத்தது. அதே வருடம் ஜூலை 1ஆம் திகதி, 92 வயதில் மறைந்தார்.

அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நானும் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். குரங்கு ஏன் குடையை எடுத்தது? ஒருவன், விற்றுப் பணிஸ் வாங்க என்றான். ஒருவன், துரையின் குடை என்று நினைத்து எடுத்ததாம். மூன்றரை வயதுக்காரி ஒருத்தி, தாயார் மலையில் நிற்கும் பிள்ளை, "கொரங்கோட அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்கு. அதுக்குத்தான்" என்றாள்.

"ரெண்டு கையும் கொழுந்துல இருக்குமே? கொடைய எதால புடிக்கும்?"

"வால்ல."

அன்று மாலை, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, பென்சிலை எடுத்தேன். தலையில் கூடை மாட்டிய குரங்கு, பின்னால் லயம், வாலில் ஒரு குடை. கோடு நேராக வரவில்லை. கை நடுங்கியது. ஆனாலும் படம் பிடித்துக் கிளிநொச்சிக்கு அனுப்பினேன்.

இரவு அக்கா பேசினார். பேத்தி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாளாம். தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளில் கூடைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று இருவரும் தெரிவு செய்துகொண்டிருக்கிறார்களாம்.

"வால் கட்டையாப் போச்சுடி," என்றார். "கொடை தலைக்கு எட்டாது. கொஞ்சம் நீட்டி வரைஞ்சி அனுப்பு."