மறதி என்னும் மருந்து

ஞாபகசக்தி வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத வீடு நம் ஊரில் இல்லை. பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளுக்கு வல்லாரைத் துவையல் அரைத்துப் போடுகிறோம். "மறதி கொடு, பிள்ளையாரப்பா!" என்று யாரும் தேங்காய் உடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மறதியும் ஒரு மருந்துதான் என்பதைச் சென்ற மாதம் எதிர்வீட்டில் கண்ணாரக் கண்டேன். அந்த மருந்தைச் சாப்பிட்டது மனிதர் அல்ல, ஒரு கம்ப்யூட்டர்.

எதிர்வீட்டுப் பெண் ஐந்து வருஷமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வந்தாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்து வைத்த பிரதி ஒன்று அவளிடம் உண்டு. அதற்குப் பிறகு எழுதிய கடைசி அத்தியாயம் யந்திரத்துக்குள் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை மாலை அவள் கோயிலுக்குப் போயிருந்த சமயம், தம்பி அவளுக்கு ஓர் உபகாரம் செய்ய நினைத்தான். தன் சேமிப்பில் வாங்கிய இரண்டு 'ரேம்' பட்டைகளைப் பழைய இரண்டோடு சேர்த்துச் செருகினான். பிறகு 'பயாஸ்' என்னும் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, வேகத்தைக் கூட்டிவிட்டான்.

அவ்வளவுதான். திரை இருண்டது. உள்ளே விசிறி சுற்றும், நிற்கும், மறுபடியும் சுற்றும். ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்கதான் கதையெல்லாம் கம்ப்யூட்டர்லேயே எழுதறீங்களே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று பையனின் தாயார் வந்து நின்றாள். பேனாவால் எழுதுகிறவன் என்பதற்காகப் பேனா ரிப்பேருக்கு ஒருவனை அழைப்பது போல! ஆனாலும் போனேன்.

அங்கே தகப்பனார் கூடத்தில் உலாவிக்கொண்டே பையனின் ஜாதகம் முழுவதையும் வாசித்துக்கொண்டிருந்தார். பையன் பால்கனி மூலையில் சுவரோடு சுவராக நின்றான். கடைக்காரரிடம் டெலிபோனில் கேட்டதற்கு, "மதர்போர்டு போயிருக்கும், திங்கட்கிழமை கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம். பெண் மட்டும் ஒன்றும் பேசவில்லை. யந்திரத்தோடு வந்த சிறு புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். என் பங்கு அந்த மட்டும்தான். வெளிச்சம் பிடித்துக்கொண்டே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இரண்டு வகை. எழுதியதைக் காப்பாற்றி வைக்கும் டிஸ்க் ஒன்று. வேலை நடக்கும்போது மட்டும் நினைவில் வைக்கும் ரேம் மற்றொன்று. இந்த ரேமின் அடிப்படையை ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் கண்டுபிடித்தார்; 1968-இல் அதற்குப் பேடண்ட் கிடைத்தது. ஒரு துளி மின்சாரம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம், இவ்வளவே சூத்திரம். ஆனால் அந்தத் துளி கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும்.

"கட்டுரை டிஸ்க்கிலேதான் இருக்கு. அதை இவன் தொடலை. மதர்போர்டே போயிருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறே கம்ப்யூட்டர்லே மாட்டி எடுத்துடலாம்" என்றாள். கூடத்தில் நடைச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

பின் ஏன் விழிக்க மறுக்கிறது? அவர்கள் வீட்டு ரேம் டி.டி.ஆர்.4 வகை. சாதாரணமாக அது 1.2 வோல்ட்டில், செகண்டுக்கு 213 கோடி தடவை செய்தி பரிமாறிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியின் மேல் 3200 என்று போட்டிருந்தது. அதாவது 320 கோடி, 1.35 வோல்ட்டில். இது 'எக்ஸ்.எம்.பி.' என்று 2007-இல் இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. பெட்டியில் சேர்ந்து வந்த ஜோடி அந்த ஓட்டம் ஓடலாம். வேறு குடும்பத்துப் பட்டைகள் இரண்டையும் சேர்த்து நாலு காலும் ஒரே ஓட்டம் ஓட வேண்டும் என்றால் எப்போதும் நடக்கிறதில்லை.

சங்கடம் என்னவென்றால், யந்திரம் விழித்ததும் முதலில் ரேமைத்தான் சோதிக்கிறது. திரைக்கு வெளிச்சம் வருவது அதற்கப்புறம். ஆகவே மாற்றிய கணக்கைத் திருத்த அமைப்புப் பக்கத்துக்குப் போகவே முடியாது. சாவியை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்ட கதை!

முதலில் பத்து நிமிஷம் சும்மா இருக்கவிட்டாள். சில யந்திரங்கள் புது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளுமாம். சில, இரண்டு மூன்று தடவை தோற்றபின் தாமே பழைய கணக்குக்குத் திரும்பிவிடுமாம். இது திரும்பவில்லை. பிறகு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மிச்சம் மீதி மின்சாரம் வடியப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பழைய பட்டை ஒன்றைப் புத்தகத்தில் சொன்ன இடத்தில் விட்டு, மற்ற மூன்றையும் எடுத்தாள். கடைசியாக, ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரியை நெம்பி எடுத்தாள். அமைப்புக் கணக்கைப் பாட்டரியின் தயவில் நினைவு வைப்பது 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. காலத்துப் பழக்கம். பாட்டரியை எடுத்தால் பெரும்பாலான யந்திரங்கள் சொல்லிக்கொடுத்ததை மறந்து, பிறந்தபோது தெரிந்ததோடு எழுந்திருக்கும்.

ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. பாட்டரியை மறுபடி பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. அவள் முதல் வேலையாகக் கட்டுரையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தாள். தனக்கே ஈமெயிலிலும் அனுப்பிக்கொண்டாள்.

"மத்ததையும் போட்டுடலாமா அக்கா?" என்று மெதுவாக எட்டிப் பார்த்தான் பையன்.

"இப்போ வேண்டாம்டா. சரியில்லாத ரேம் விழிக்காமே இருந்தாத் தேவலை. விழிச்சுண்டு தப்பா ஞாபகம் வச்சுண்டா, எழுதினதையே சத்தமில்லாமே கெடுத்துடும். செவ்வாய்க்கிழமை நீயே போடு. ராத்திரி பூரா 'மெம்டெஸ்ட்' ஓடவிட்டுப் பார்த்துக்கலாம்" என்று புத்தகத்தையும் ஸ்குரூ டிரைவரையும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத வைத்தியம் அது. ஒரு சாயங்காலம் பூராவும் தன்னைக் கதி கலங்க அடித்தவனிடமே மறுபடி ஆயுதத்தைக் கொடுப்பதற்கு, மறக்க வேண்டியதை மறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரை திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. நாலு பட்டைகளும் இப்போது பழைய 2133 கணக்கிலேயே இருக்கின்றன. யந்திரம் பறக்கவில்லை, ஓடுகிறது. தகப்பனார் மட்டும் சாப்பாட்டு வேளைதோறும் சனிக்கிழமைக் கதையை ஆரம்பிக்கிறாராம். அவருக்கு எந்தப் பாட்டரியைக் கழற்றுவது என்று அந்தச் சிறு புத்தகத்தில் போடவில்லை.