வழியைத் தெரிவு செய்த இரவு

2024ஆம் ஆண்டு ஆடி மாதம் மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தேன். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மருமகன் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். நாடு முழுவதும் நீலக் கோடுகள் ஓடின. "மாமி, இந்த முறை போட் ஒண்டு வாடகைக்கு எடுத்து நாலு இரவு அதிலேயே தங்குவம். எந்த வழியால போறதெண்டு நீங்களும் சொல்லுங்கோ" என்றார்.

போட் என்றதும் என் கை கால் குளிர்ந்தது. ஆனால் வாயால் வந்த பதில் வேறு. "எனக்கு எல்லாம் சரி தம்பி. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்றேன். எம்மில் எத்தனை பெண்கள் இதே பதிலை வாழ்நாள் முழுதும் சொல்லி வருகிறோம்!

அவர்கள் சொன்ன வள்ளத்தை அங்கே 'நறோ போட்' என்கிறார்கள். ஏழு அடிக்கும் சற்றுக் குறைந்த அகலம், எழுபது அடி வரை நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. ஓடும் ரயில் பெட்டி ஒன்றைத் தண்ணீரில் இறக்கியது போல இருக்கும். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கரியும் மட்பாண்டமும் ஏற்றுவதற்கென வெட்டிய கால்வாய்களில்தான் இவை ஓடுகின்றன. அன்று கரையில் நடந்த குதிரை கயிற்றால் வள்ளத்தை இழுத்தது. அந்தக் குதிரைப் பாதையே இன்று நடைபாதையாக இருக்கிறது. கால்வாயில் மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்பது சட்டம். பெரும்பாலான இடங்களில் தண்ணீர் மூன்று, நான்கு அடி ஆழந்தான். வாடகைக்கு எடுத்து ஓட்ட உரிமப்பத்திரமும் தேவையில்லை.

வழியைத் தெரிவதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. போகும் மைல்களையும் இடையில் வரும் 'லொக்'குகளையும் கூட்டி மூன்றால் பிரித்தால், எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்பது ஓரளவு தெரியும். லொக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டி. வள்ளத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் வள்ளம் உயரும், வடித்தால் இறங்கும். மேட்டு நிலத்தையும் பள்ள நிலத்தையும் இப்படித்தான் கடக்கிறார்கள். ஒன்றைக் கடக்கக் கால் மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் ஆகும். கதவைத் தள்ளுவதும் திறப்பைச் சுழற்றுவதும் எமது வேலை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கால்வாயின் அகலத்தைவிட வள்ளம் நீளமானது. ஆகவே நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதற்கென அகலமாக வெட்டிய இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நாலு இரவுப் பயணத்தில், இரண்டாம் நாள் முடிவதற்குள் அப்படியோர் இடத்தை அடைந்து திரும்பினால்தான் வள்ளத்தை உரிய நேரத்தில் ஒப்படைக்கலாம்.

ஒன்பது வயதுப் பேரன் நிறைய லொக் வேண்டும் என்று அடம்பிடித்தான். 'நான்கு மாவட்டச் சுற்று' என்ற வழியைக் காட்டினான். அது சுமார் 110 மைல், 94 லொக். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 68 மணித்தியாலம். நாலு இரவுக்குள் முடியாது. அது கைவிடப்பட்டது.

மருமகனின் ஆசை வேல்ஸில் உள்ள லங்கொலன் கால்வாய். அங்கே 1805இல் திறக்கப்பட்ட ஒரு பாலம், ஆற்றுக்கு மேலே 38 மீற்றர் உயரத்தில் இரும்புத் தொட்டியாகக் கால்வாயைச் சுமந்து செல்கிறது. நீளம் 307 மீற்றர். தோமஸ் ரெல்போர்ட்டும் வில்லியம் ஜெஸ்ஸொப்பும் கட்டியது. 2009இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கப்பட்டது. நடைபாதை உள்ள பக்கத்தில் கம்பி வேலி இருக்கிறது. மறுபக்கத்தில் ஒன்றுமில்லை, வள்ளத்தில் நின்று பார்த்தால் கீழே வெறும் பள்ளத்தாக்கு. லொக்குகள் குறைவு, ஆனால் இரண்டு சுரங்கங்களைக் கடக்க வேண்டும். பெரியது 420 மீற்றர் நீளம்.

மூன்றாவது வழி தெற்கே, கெனற் அன்ட் ஏவன் கால்வாயின் மேற்குப் பகுதி. பிரட்போர்ட் ஒன் ஏவன் என்ற சிறு பட்டினத்துக்குச் சற்றுக் கிழக்கே புறப்பட்டு, பாத் நகரை நோக்கிப் போவது. "அது சும்மா நேர்த் தண்ணி. ஒரேயொரு லொக்" என்று பேரன் முகத்தைச் சுளித்தான்.

மகள் எதுவும் பேசாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ, உங்களுக்குப் பயமில்லையே?" என்று கேட்டாள்.

"உங்கட சந்தோசந்தான் பிள்ளை எனக்குச் சந்தோசம்" என்றேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அவள். "பாலம் இல்லை. அந்தச் சுரங்கம். இருட்டுக்குள்ள போட் எஞ்சின் சத்தம்."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், குடாநாட்டை விட்டு வெளியேற எமக்கிருந்த வழிகளில் ஒன்று கிளாலிக் கடனீரேரி என்பதை வாசகிகள் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1993இல் மகளின் கண் வைத்தியத்துக்காக நானும் அவ்வழியே போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. இரவில்தான் வள்ளம். வெளிச்சம் கூடாது, பேசக் கூடாது. எஞ்சின் பூட்டிய வள்ளத்தின் பின்னே மற்ற வள்ளங்களைக் கயிற்றால் கட்டி இழுத்தார்கள். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டபோது மகள் அழத் தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கரை சேரும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு பார்த்தபோது அவள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

அது அவளுக்கு நினைவிராது என்றுதான் முப்பத்தொரு வருடமாக எண்ணியிருந்தேன். அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்களில கோபமில்லை அம்மா. நீங்கள் பொத்தாட்டி ஆரும் எங்களை இறக்கி விட்டிருப்பினம்" என்றாள். "ஆனா அந்தச் சத்தம் மட்டும் போகேல்லை. இவருக்கு இது தெரியாது. சின்ன வயதிலேயே இஞ்ச வந்தவர். சொன்னா ஆசைப்பட்ட இடத்தை விட்டிடுவார் எண்டு சொல்லேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவளுக்காக வாயை மூடியிருந்தேன். அவள் அவருக்காக மூடியிருந்தாள். இப்படியே போனால், பிள்ளைகளோடு மகிழ்ச்சியாகப் போகும் பயணத்திலும் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு கிளாலியைத்தான் கடந்திருப்போம்.

"வா, போய்ச் சொல்லுவம்" என்றேன்.

மேசைக்குத் திரும்பி வந்து, கிளாலியைப் பற்றி நான்தான் சொல்லத் தொடங்கினேன். பேரப்பிள்ளைகளுக்கு விளங்கும் அளவுக்கு மட்டும் சொன்னேன். மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வரைபடத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "மாமி, உங்களுக்கு என்னென்ன வேணுமெண்டு சொல்லுங்கோ. அதுக்கேத்த வழியைத் தேடுவம்" என்றார்.

நான் விரல்விட்டுச் சொன்னேன். இருட்டு இருக்கக்கூடாது. கரை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பயம் வந்தால் இறங்கி நடக்க முடிய வேண்டும். பொழுதுபட முன் கட்டிவிட வேண்டும். மகள், "பாதியில வேண்டாமெண்டா திரும்பக் கூடியதா இருக்கோணும்" என்றாள். பேரன், "ஒரு லொக்காவது வேணும்" என்றான். ஐந்து வயதுப் பேத்தி வாத்து வேண்டும் என்றாள்.

எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். தெற்கு வழிதான் பொருந்தியது. பாத்துக்கு இரண்டு மைல் முன்னே இருக்கும் பாத்தம்ப்டன் கிராமம் வரை சுமார் 10 மைல், ஒரு லொக். போய்வரக் கணக்குப்படி ஏழரை மணித்தியாலம். கரையோரம் கட்டியிருக்கும் வள்ளங்களைக் கடக்கையில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் பத்து மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு இரண்டரை மணித்தியாலம். சுரங்கம் இல்லை. நடைபாதை முழுவதும் கூடவே வருகிறது. பாத் நகருக்கு வள்ளத்தை விட்டுவிட்டு நடந்தே போகலாம். பாலம் வேண்டுமென்ற மருமகனுக்கும் இரண்டு கல் பாலங்கள் கிடைத்தன.

புறப்பட்ட அன்று வள்ளக்காரர் எல்லாம் சொல்லித் தந்தார். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். லொக்கில் இறங்கும்போது பின்கதவின் அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். வள்ளத்தின் பின்புறம் அதில் தங்கினால் கவிழும் ஆபத்து உண்டு. சுவரில் போட்ட அடையாளக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். எல்லோருக்கும் மிதவைச் சட்டை கேட்டு வாங்கினேன். முன்பென்றால் கேட்கக் கூச்சப்பட்டிருப்பேன்.

முதல் ஒரு மைல் நான் வள்ளத்தில் ஏறவேயில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கரையால் நடந்தேன். வள்ளம் எங்கள் நடைக்குச் சமமாகப் பக்கத்தில் வந்தது. மகள் சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெயில் எறித்தது, வாத்துகள் குஞ்சுகளோடு வந்தன, ஆட்கள் கையசைத்து வணக்கம் சொன்னார்கள். பிறகு நானாகவே ஏறினேன்.

பிரட்போர்ட் லொக்கில் பேரன் திறப்பைச் சுழற்றினான். அவனோடு சேர்ந்து நானும் அந்தப் பெரிய மரக்கதவை முதுகால் தள்ளினேன். அடுத்த நாள், 1805இல் கட்டிமுடித்த டண்டாஸ் பாலத்தின் மேல் வள்ளம் போனது. கீழே ஏவன் ஆறும் ரயில் பாதையும். மருமகன் அந்த நிமிடம் முழுவதும் வாய் திறந்தபடி நின்றார். அதைத் தாண்டி கிளவேட்டன் என்ற இடத்தில், ஆற்றின் ஓட்டத்தாலேயே சுழலும் சக்கரத்தைக் கொண்டு ஆற்றுநீரைக் கால்வாய்க்கு ஏற்றுவதற்காக 1813இல் இயங்கத் தொடங்கிய பம்பு நிலையம் இருக்கிறது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த என் தகப்பனார் பார்த்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கெல்லாம் வள்ளத்தைக் கட்டினோம். இரவில் எஞ்சின் நிற்கும். முதலிரவு நான் தூங்கவில்லை. தண்ணீர் அடியில் தட்டும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். மகளும் விழித்திருந்தாள். இருவரும் தேநீர் போட்டுக் குடித்தோம். கிளாலியில் எங்களோடு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அவள் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். மூன்றாம் இரவு இருவரும் விடியும்வரை தூங்கினோம்.

சகோதரிகளே, ஒரு விடுமுறைக் கதையை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று நினைக்கலாம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தபோதும் சரி, பிறகு எத்தனையோ முறை மூட்டை கட்டியபோதும் சரி, எந்த வழியால் போகப் போகிறீர்கள் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பழகிப் போய், இப்போது கேட்டாலும் "எனக்கு எல்லாம் சரி" என்கிறோம். அது சிறிய பயணமாக இருக்கலாம், பிள்ளையின் கல்யாணமாக இருக்கலாம், வீடு கட்டும் காணியாக இருக்கலாம். உங்களிடம் கேட்டால், பயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லியிராவிட்டால் மகளும் சொல்லியிருக்கமாட்டாள்.

திரும்பி வந்த அன்றே பேரன் வரைபடத்தை மறுபடி விரித்தான். வருகிற வருடம் லங்கொலனாம். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெரிய சுரங்கத்துக்குள்ளும் கைபிடிக் கம்பியோடு நடைபாதை உண்டு என்று மருமகன் சொன்னார்.

"அப்ப நானும் அம்மாவும் டோர்ச் அடிச்சுக்கொண்டு நடந்து வருவம். நீங்கள் போட்டைக் கொண்டு வாங்கோ" என்றாள் மகள்.

நான் சரி என்றேன்.