சிறுதேர்ப் பருவம்

குழந்தை வளர்வதைக் கண்ணால் கண்ட தாய் உலகத்தில் எவளும் இல்லை. நேற்று இடுப்பில் இருந்தது; இன்று வாசற்படியில் நிற்கிறது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், சட்டை குட்டையாகிவிட்டது, செருப்புக் கடித்தது, மேல் தாழ்ப்பாள் கைக்கு எட்டிவிட்டது என்று சில்லறைக் கணக்குகளைத்தான் நம்மால் சொல்ல முடிகிறது. பயிர் வளர்வதும் கடிகாரத்தின் சிறிய முள் நகர்வதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படித் தெரிவதில்லையோ, அப்படியே இதுவும் தெரிவதில்லை.

ஆனால் நமது தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள். குழந்தை வளர்வதற்குப் பத்துப் படிகள் கட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரும் சூட்டி வைத்தார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைத்தான் சொல்லுகிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதன் பின்னர் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று. பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று மூன்று. 3-ஆம் மாதத்தில் காப்பு, 5-ஆம் மாதத்தில் செங்கீரை என்று இரண்டிரண்டு மாதமாகக் கூட்டிக்கொண்டே போய், 21-ஆம் மாதத்தில் சிறுதேரில் கொண்டுவந்து நிறுத்தும் இலக்கணமும் உண்டு.

பாட்டுடைத் தலைவர் முருகனாயினும் மீனாட்சியாயினும், பாடுகிறவர் தாயாகிவிட வேண்டும் என்பது இந்தப் பிரபந்தத்தின் மரபு. மீசை நரைத்த புலவர்களெல்லாம் தாய்மார்களாகித் தொட்டில் ஆட்டிய நாடு இது! ஆயினும், மெய்யாகவே தொட்டில் ஆட்டிய தாய்மார்கள் தாங்கள் கண்ட பருவங்களைப் பற்றி எழுதி வைத்தது சொற்பம். அந்தக் குறையில் ஓர் அணுவளவேனும் தீரட்டும் என்றுதான் இதை எழுத முற்பட்டோம்.

நமக்குக் குழந்தைகள் இருவர். மூத்தவனுக்கு வயது 9, இளையவளுக்கு 4. வாசம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள டோல்கேட். பெயரைக் கேட்டுச் சுங்கம் கட்டச் சில்லறையை எடுக்க வேண்டாம். கேட் எப்போதோ போய்விட்டது. பஸ் நடத்துனர் வாயிலும் மெட்ரோ நிலையத்துப் பெயரிலும் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிழக்கே கடலும் மீனவர் குப்பங்களும், மேற்கே ரயில் பாதை, தெற்கே ராயபுரமும் துறைமுகமும், வடக்கே எண்ணூர். புலவர்கள் சொன்ன பருவங்கள் இந்த எல்லைக்குள் எப்படி வந்து போயின என்பதைச் சொல்லுகிறோம்.

காப்புப் பருவத்தில் புலவர் திருமால் முதலிய தெய்வங்களை வரிசையாக அழைத்து, 'இந்தக் குழந்தையைக் காத்தருளுங்கள்' என்று வேண்டிக்கொள்வார். நாமும் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போய் வேண்டிக்கொண்டோம். அதோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனோம். பிறந்தவுடன் பி.சி.ஜி.; பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஊசி. அந்த பி.சி.ஜி. மருந்தைத் தயாரிக்க 1948-ஆம் வருஷத்திலேயே நமது சென்னைக் கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது என்பது பலருக்கு நினைவிராது. ஊசி போட்டதும் குழந்தை ஒரு தரம் அழுதது. நாம் இரண்டு தரம் அழுதோம்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் ஊசி உண்டா? 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு சமயத்தில், எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி, தூங்குகிற குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு இருட்டிலே வெளியே ஓடினார்கள். மறுநாள் காலையில் அந்தச் செய்தியைக் கேட்டபோது நமது இளையவள் மடியில் இருந்தாள். காப்புப் பருவம் 3-ஆம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது என்று எழுதியவர், ஆலைகளுக்கு நடுவே பிள்ளை வளர்த்தவர் அல்லர் என்று அன்று தோன்றிற்று.

தால் என்றால் தாலாட்டு. நமது தெருவில் தாலாட்டுப் பாடத் தாயின் குரல் போதாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரனை மீறிப் பாட வேண்டும். ஆனால் விந்தை என்னவென்றால், அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தை அதிலேயே தூங்கப் பழகிவிடுகிறது. ஒரு சமயம் கிராமத்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே நிலவிய நிசப்தம் தாங்காமல் மூத்தவன் விடிய விடிய விழித்திருந்தான்!

மூத்தவன் தவழ்ந்த நாட்களில், சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையில் ரயில் ஓடத் தொடங்கிற்று. ஆகவே இளையவளுடைய சப்பாணிப் பருவத்துக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்துவிட்டது. தலைக்கு மேலே வண்டி போகும்போதெல்லாம் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டுவாள். எந்தப் புலவரும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட வரும்படி அழைக்க வேண்டும். நாமும் மொட்டை மாடிக்குச் சென்று, "நிலா பார், நிலா பார்" என்று சோறு ஊட்டினோம். இளையவளோ வடமேற்கே கையைக் காட்டினாள். அங்கே மணலிப் பக்கத்து ஆலை ஒன்றின் உச்சியில் எரியும் சுடர் வானத்தைச் சிவக்க அடித்துக்கொண்டிருந்தது. "அதுவும் நிலாவாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். "அது ஏன் தேயவே மாட்டேங்குது?" என்றாள். அதற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.

சிற்றில் என்பது சிறுமியர் மணலிலே கட்டும் சிறு வீடு. அதைக் காலால் சிதைக்கும் சிறுவனிடம், 'வேண்டாம், எங்கள் வீட்டை அழிக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவதாகப் பாடுவார்கள். கடற்கரை ஊராயிற்றே, சிற்றில் கட்ட மணலுக்கு என்ன பஞ்சம் என்று நேயர்கள் நினைக்கலாம். பஞ்சம்தான். நமது கரையில் பெரும்பகுதி இன்று கருங்கல் அடுக்கு.

அதற்குக் காரணம் ஒன்று உண்டு. இந்தக் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1875-ஆம் வருஷத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் இட்டு, கடலுக்குள் கற்சுவரை நீட்டினார்கள். 1881-ஆம் வருஷத்துப் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே தங்கிற்று. மெரினா அகன்று அழகாயிற்று. ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. நமக்கு மீன் கொண்டுவரும் ஆயா, "எங்க அம்மா காலத்துல வலை காய வைக்கிற மணலே இம்மாம் அகலம் இருந்திச்சும்மா" என்று இரு கைகளையும் விரித்துக் காட்டுவாள். மெரினாவில் சுண்டல் தின்று மணலில் புரளும் பட்டணத்துக் குழந்தைகள், நமது குழந்தைகளுக்கு வர வேண்டிய மணலில்தான் விளையாடுகிறார்கள்! அதற்காக அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. நமது இளையவள், தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்கள் குவித்து வைத்த எம்-சாண்டில் சிற்றில் கட்டுகிறாள். அது கல்லைப் பொடித்த மணல். அவள் தமையன் அதைக் காலால் எற்றிவிட்டு ஓடுகிறான். மரபு அவ்வளவில் காப்பாற்றப்பட்டு வருகிறது.

இனிச் சிறுதேர். திருவொற்றியூரில் தேரடி என்று ஓர் இடமே உண்டு. தியாகராஜ சுவாமியின் தேர் நிற்குமிடம். நமது வீட்டுத் தேரோ புத்தகப் பை. சென்ற வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் மூத்தவன், "அம்மா, இனிமே நான் தனியாப் போறேன். மத்தவங்க சிரிக்கிறாங்க" என்றான். பள்ளிக்கூடம் அரை மைல் கூட இல்லை. ஆனால் இடையில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும்.

அவனுடைய தந்தை, "ஆண் பிள்ளை, போகட்டுமே" என்றார். ஆண் பிள்ளை என்று லாரிக்குத் தெரியுமா? துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளில் 20 அடி நீளமும் உண்டு, 40 அடி நீளமும் உண்டு. வண்டியின் தலை கடந்துவிட்டதே என்று குழந்தை அடி எடுத்து வைக்கும். பின்னால் இன்னும் 40 அடி வந்துகொண்டிருக்கும். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுனர் கண்ணுக்கு, வண்டியை ஒட்டினாற்போல் நிற்கும் சிறு குழந்தை தென்படுவதில்லை. வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறமை சிறு குழந்தைகளுக்கு முழுமையாக வாய்ப்பதில்லை என்று இதனை ஆராய்ந்தவர்களும் சொல்லுகிறார்கள். ஆகவே தாயின் பயத்தை வெறும் பேதைமை என்று ஒதுக்குவதற்கில்லை.

அப்படியானால் கையை விடாமலே இருந்துவிடலாமா? 1939-ஆம் வருஷம் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தின் காரணமாக 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கும்படி நேர்ந்தது. தானாகச் செய்யக்கூடியதைக் குழந்தைக்காக நாம் செய்து கொடுப்பது உதவியல்ல, இடைஞ்சல் என்பது அவருடைய போதனையின் சாரம். ரோடு அபாயம் என்று வீட்டுக்குள் பூட்டி, கையில் செல்போனைக் கொடுத்து உட்கார்த்தி வைக்கப்பட்ட பிள்ளைகளை நமது தெருவிலேயே காண்கிறோம். அவர்களுக்கு லாரி அபாயம் இல்லை, வீதியும் இல்லை.

நாம் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். முதல் வாரம் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது கடப்பது என்பதை மட்டும் அவனே சொல்லும்படி செய்தோம். இரண்டாம் வாரம் ஓர் அடி பின்னால் நடந்தோம். மூன்றாம் வாரம் சாலையின் நடுத்திட்டு வரையில் வந்து நின்றுவிட்டோம். லாரியின் வால் போன பிறகு மூன்று எண்ண வேண்டும். நடுச்சாலையில் ஓடக் கூடாது. பாதி வழியில் திரும்பக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பின்னால் பார்க்கக் கூடாது என்று தினமும் ஒப்பிக்கச் சொன்னோம்.

நான்காவது வாரத்துத் திங்கட்கிழமை அவன் தனியாகப் போனான். நாம் இந்தப் பக்கத்து மருந்துக் கடை வாசலில் நின்றோம். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், உதடு அசைந்தது, மூன்று எண்ணினான் போலிருக்கிறது. பிறகு நடந்தான். அந்தப் பக்கம் ஏறியதும் ஒரு தரமாவது நம்மைத் திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தோம். பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மூன்று வாரமாக நாமே கற்பித்திருந்தோம். பிள்ளை பாடத்தைச் சரியாகப் படித்துவிட்டான் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டோம்.

வருகைப் பருவத்தில் தாய், 'வருக, வருக' என்று குழந்தையைத் தன்னிடம் அழைக்கிறாள். சிறுதேர்ப் பருவத்திலோ குழந்தை தேரை உருட்டிக்கொண்டு வீதிக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் புலவர்கள் பருவம் வகுக்கவில்லை. வீதி குழந்தையை ஏற்றுக்கொள்ளும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையை மெய்ப்பிப்பது இன்று நமது ஊரின் பொறுப்பு. பள்ளிக்கூடம் கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகள் வேகத்தைக் குறைக்க வேண்டும். குழந்தையின் நடைக்குப் போதுமான நேரம் சிக்னல் எரிய வேண்டும். நடைபாதையில் கடையும் மோட்டார் சைக்கிளும் இல்லாமல் நடக்க இடம் வேண்டும். தாய் கையை விடும்போது, ஊர் கையை நீட்ட வேண்டாமா?

ஒற்றி என்ற சொல்லுக்கு நிலபுலன்களில் ஓர் அர்த்தம் உண்டு. ஒற்றிக்கு வாங்கிய நிலத்தில் உழலாம், பயிரிடலாம், பலனை அனுபவிக்கலாம்; கெடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒற்றியூரில் இத்தனை வருஷம் குடியிருந்தும், பிள்ளைகளை நாம் சொந்தக் கிரயம் என்றே நினைத்திருந்தோம். மூத்தவன் கணக்கில் முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இளையவள் கணக்கில், சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளும் பாத்தியதை நமக்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கியிருக்கிறது. அதில் ஒரு நாளையும் வீணாக்குவதாக உத்தேசம் இல்லை.