எங்கட ஊர், எங்கட வாக்கு

செப்டம்பர் பிறந்திட்டுது. ஸ்காபரோவில், பின்வளவுப் பயற்றங்கொடி இன்னும் காய்க்குது. கத்தரியின் அடியிலைகள் மஞ்சளாகி விளிம்பு கருகியிருக்கு. உறைபனிக்கு முன்னம் மிளகாய்க் கண்டுகளைச் சாடிக்கு மாத்தி உள்ளே எடுக்கவேணும்.

ஹொக்கிப் பருவமும் நெருங்குது. ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் கடைசியாய் ஸ்டான்லி கிண்ணம் வென்றது 1967இல். அதுக்காக அணி மாறுவமா? இது எங்கட ஊர் அணி.

ஊர் எங்கடயெண்டால் வாக்கு? நிரந்தர வதிவிட உரிமையோடு இங்கேயே இருந்து வீட்டுவரி கட்டுறவருக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கில்லை. வேறு ஊரில் வசித்தாலும், இங்கே வீடு வைத்திருக்கிற கனேடியக் குடிமகனுக்கு உண்டு. அநியாயம் இது. விதியை மாத்தச் சொல்லி 2013இலேயே ரொறன்ரோ நகரசபை ஒன்ராறியோ அரசைக் கேட்டது.

2026 ஒக்டோபர் 26 தேர்தல். குடியுரிமை உள்ளவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கோ எண்டு இப்பவே பாருங்கோ.