பாட்டியாரின் பாக்குவெட்டி

தாமிரபரணி பாயும் திருநெல்வேலியை அடுத்த தச்சநல்லூர் என் ஊர். எங்கள் இல்லத்தில், பாட்டியாரின் வெற்றிலைச் செல்லத்தினுள்ளே பித்தளைப் பாக்குவெட்டி ஒன்று இருந்தது. அதன் மேற்பகுதி கிளி வடிவினது. பாட்டியார் பாக்கு வெட்டும்பொழுதெல்லாம் அக்கிளி அலகைத் திறந்து மூடுவதுபோலத் தோன்றும். சிறுவனாகிய நான் அதனைக் கண்டு கைகொட்டி நகைப்பேன்.

பாட்டியார் மறைந்த பின்னர் அது பரணில் கிடந்தது. ஒருநாள் பழம் பாத்திரங்களோடு அதனையும் கடையில் நிறுத்துக் கொடுத்து, எவர்சில்வர்க் குடம் ஒன்றை வாங்கி வந்தேன். தமிழின் பழமையை நாள்தோறும் மாணவர்க்கு எடுத்துரைத்த நான், என் வீட்டுப் பழமையை எடைக்கு விற்றேன்! அன்று அது பிழையென எனக்குத் தோன்றவில்லை.

பணி ஓய்வு பெற்றபின் ஒருமுறை புனே நகருக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அதனை உருவாக்கிய தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990) அரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். மூக்குக்கண்ணாடி வணிகம் செய்தவர். மராத்தியில் கவிதை இயற்றியவர். அவர் ஊர்தோறும் அலைந்து, மக்கள் நாள்தோறும் கையாண்ட விளக்குகள், பாக்குவெட்டிகள், மைக்கூடுகள், சமையற்கலங்கள் முதலியவற்றைத் திரட்டினார். அவருடைய மனைவியார் கமலாபாயும் இப்பணியில் துணைநின்றார். அங்குள்ள பொருள்கள் ஏறத்தாழ 20,000 என்பர். ‘ராஜா’ என்பது பட்டப்பெயர் அன்று. இளமையிலேயே இறந்துபட்ட அவர்தம் மகனின் பெயர். மகனை இழந்த அத்தந்தை, தாம் தேடிய செல்வம் அனைத்தையும் மகாராஷ்டிர அரசின்வழி மக்களுக்கே அளித்துவிட்டார். தம் மகன் காண இயலாதவற்றை இன்று ஊரார் பிள்ளைகள் எல்லாரும் கண்டு மகிழ்கின்றனர்.

அங்கே பாக்குவெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்முன் நான் நெடுநேரம் நின்றேன். பாட்டியாரின் கிளி அங்கு இல்லை, எங்ஙனம் இருக்கும்? அது எந்த உலையில் உருகிற்றோ! தராசு பித்தளையின் எடையைக் காட்டும். அதற்குக் கிளி வடிவம் தந்த கன்னாரின் கைத்திறனைக் காட்டுமோ? உருகிய பித்தளை மற்றொரு கலமாகலாம். அக்கிளி மீண்டும் வாராது.

எங்கள் இல்லத்தில் இன்னும் எஞ்சியிருப்பது தூக்குவிளக்கு ஒன்றே. ஊர் திரும்பியதும் அதனைத் துலக்கி ஏற்றினேன். அஃது யாருடைய சீராக வந்தது, எவ்வெந்நாளில் ஏற்றப்பட்டது என்பனவற்றையெல்லாம் என் பேத்திக்குச் சொன்னேன். அவள் தன் குறிப்பேட்டில் அவற்றை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தபின், “தாத்தா, பாக்குவெட்டியைப் பற்றியும் எழுதட்டுமா?” என்று வினவினாள்.

“எழுது, அம்மா, நான் அதனை விற்றதையும் சேர்த்து எழுது” என்றேன்.