காரைநகர் தெரிய எந்த ஜன்னல்?

சும்மா வேடிக்கை பார்க்க என்றால் விமானத்தில் எந்த ஜன்னல் சீட்டும் போதும். ஒரு குறிப்பிட்ட தீவைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பி.காம் படிக்கிறவனுக்குக் கணக்கு வராதா என்ன :)

திருமுல்லைவாயலில் இருக்கும் என் வகுப்புத் தோழியின் அம்மம்மாவுக்குச் சொந்த ஊர், யாழ்ப்பாணத்தை ஒட்டிய காரைநகர். 1990-ல் படகில் ராமேஸ்வரம் வந்தவர். இப்போது ஊரோடு போய்விடப் போகிறார், ஒருவழி டிக்கெட். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, எந்தப் பக்கம் இருந்தால் காரைநகர் தெரியும்? வரேக்கை ராத்திரி. ஊர் மறைஞ்சதைக்கூட நான் காணேல்லை."

சரி, மேப்பை விரிப்போம். பலாலி விமான நிலையம் மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 360 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. தெற்கு நோக்கிப் போனால் மேற்கு நமக்கு வலது கைப்பக்கம். கோடியக்கரை மேற்கே, காரைநகர் மேற்கே, ஊர்காவற்துறையும் நெடுந்தீவும் தென்மேற்கே. ஆக, வலது ஜன்னல். காலை விமானம் என்றால் இன்னும் நல்லது, வெயில் இடது பக்கம் அடிக்கும்.

அடுத்தது இறக்கை. இந்த வழியில் 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் பறக்க ஆரம்பித்தது. கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இரண்டும் இங்கே இறக்கியது ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்தை. அதில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்க்கத் தடை இல்லை. நடுவரிசைகளில் மட்டும் இன்ஜினும் சக்கரமும் மறைக்கும். அதனால் பின்வரிசை.

இதே கணக்கு கொழும்புக்கும் உதவும். சென்னையிலிருந்து போனால் ராமர் பாலம் வலது பக்கம். மதுரையிலிருந்து போனால் அதே பாலம் இடது பக்கம்! ஆகவே "கொழும்புக்கு எந்தப் பக்கம் நல்லது?" என்று கேட்டால், "எங்கிருந்து கிளம்புகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜன்னல் கிடைத்தால் மட்டும் போதாது, ஊரை அடையாளம் தெரிய வேண்டுமே. காரைநகரைக் குடாநாட்டோடு இணைப்பது கடலுக்குக் குறுக்கே போகும் பொன்னாலைச் சாலை. மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். அந்தக் கோடு போய் முடிகிற இடம்தான் ஊர். சாட்டிலைட் படத்தில் இதைக் காட்டியபோது அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஓம், ஓம், இதாலைதான் பஸ் போகும்" என்றார்.

மேகம் மறைக்கலாம். காற்றைப் பொறுத்து ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பது மாறும், கடைசி நிமிடத்தில் விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் மாறும். அதெல்லாம் நம் கையில் இல்லை. சீட் மட்டும்தான் நம் கையில். அதற்குத் தனிக் கட்டணம் சில நூறு ரூபாய் கேட்டார்கள். வீண் செலவு என்று தோழியின் மாமா முணுமுணுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவருக்கு அது எந்தக் கணக்கில் வீண்?

வலது பக்கம், பின்வரிசை, ஜன்னல். போட்டாயிற்று.